வீட்டுக்குச் சக்கரம் இருந்தாலும் விலாசம் வேண்டும்

உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற தம்பதியர் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு, படுக்கை, சமையலறை, கழிப்பறை யாவும் அமைந்த மோட்டார் வாகனமொன்றை வாங்கி, எஞ்சிய காலத்தை அதிலேயே ஊர் ஊராகச் சென்று கழிப்பது அமெரிக்காவில் பல தசாப்தங்களாக உள்ள வழக்கமாகும். நமது நாட்டில் அப்படி வாழ்வோரைக் காண்பது அரிது. வாகனத்தின் விலையும் வரியும் ஒரு காரணம். கலஹா - தெல்தோட்டைப் பாதையின் வளைவுகளை அறிந்தவர்களுக்கு மற்றக் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும், அந்த வாழ்க்கை எதன் மீது நிற்கிறது என்பதை மலையக வாசகர்கள் அறிந்துகொள்வது பயனுள்ளது.

வீடு நகரலாம், சட்டம் நகர்வதில்லை. சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வங்கிக் கணக்கு, வாக்குரிமை ஆகிய அனைத்துக்கும் நிலையான விலாசம் கேட்கப்படுகிறது. 1978 இல் ஜோ, கே பீட்டர்சன் தம்பதியர் தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' என்னும் சங்கம் இதற்கு ஒரு வழி கண்டது. டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் நகரில் உறுப்பினர்களின் கடிதங்களைப் பெற்று, அவர்கள் இருக்கும் இடத்துக்கு அது அனுப்பி வைக்கிறது. தென் டகோட்டா மாநிலத்திலோ ஓரிரவு தங்கியதற்கான பற்றுச்சீட்டைக் காட்டி சாரதி அனுமதிப்பத்திரம் பெறலாம் என்பதால் பலர் அங்கே பதிந்துகொண்டனர். வாக்காளராகப் பதிய 30 நாள்கள் தங்கியிருக்க வேண்டுமென 2023 இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியதும் எழுந்த சலசலப்பு, விலாசத்தின் பெறுமதியை உணர்த்தியது.

வாகனம் ஓட்ட இயலாத முதுமை வரும்போது என்ன செய்வது? லிவிங்ஸ்டனிலேயே, தமது வாகன வீட்டை நிறுத்திவிட்டு அதில் வாழ்ந்தபடி உணவும் பராமரிப்பும் பெறும் நிலையமொன்றை அச்சங்கம் நடத்துகிறது. ஆனால் எல்லோரும் விரும்பிப் புறப்பட்டவர்கள் அல்லர். 2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின்னர், வாடகை செலுத்த வழியற்று வாகனத்தில் குடியேறிய முதியோர் பலர். அவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017 இல் எழுதிய நூலே, 2021 இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருது பெற்ற 'நோமட்லேண்ட்' திரைப்படமாயிற்று. ஒருவருக்குச் சுற்றுலாவாக இருப்பது மற்றவருக்கு வீடின்மை. ஆனால் வீடற்ற அந்த முதியவருக்கும் அரசின் ஓய்வூதியம் மாதந்தோறும் வங்கிக்கு வந்து சேர்கிறது.

விலாசம் என்னும் இவ்விடயமே நம்மைக் கலஹாவுக்கு மீண்டும் அழைத்து வருகிறது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் இப்பகுதியை அண்டியது. அதன்பின் தலைமுறைகள் பல கடந்தும், தோட்டத் தொழிலாளி வாழும் லயன் அறை தோட்டத்துக்கே உரியது. தோட்டத்தில் வேலை செய்பவர் என்ற அடிப்படையிலேயே குடும்பம் அங்கு வாழ்கிறது. ஓய்வு பெறும் தம்பதியருக்கு மாத ஓய்வூதியம் இல்லை. தொழிலாளி 8 வீதமும் தொழில் வழங்குநர் 12 வீதமும் செலுத்திய ஊழியர் சேமலாப நிதி மொத்தமாகக் கைக்கு வரும். அது மகளின் திருமணத்துக்கோ பழைய கடனுக்கோ போய்விடுவதை நாம் காண்கிறோம்.

ஓரிடத்தை விட்டு அகலாத இவர்களுக்கும் தனி விலாசம் இல்லை என்பதுதான் வேடிக்கை. தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், கலஹா, அவ்வளவே. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், யாரோ ஒருவர் கையில் லயனுக்கு வரவேண்டும். ஒரே பெயருடையோர் இருவர் இருந்தால் நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பும் நீதிமன்றக் கட்டளையும் இடம் மாறும்.

7 பேர்ச்சஸ் காணியும் உறுதியும் கிடைத்த குடும்பங்களுக்கு இச்சிக்கல் தீரக்கூடும். ஏனையோர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணியாற்ற இருந்த சட்டத் தடை 2018 ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீங்கிவிட்டது. ஒவ்வோர் அறைக்கும் இலக்கமிடவும், தபால்காரர் வாசலுக்கே வரவும் பிரதேச சபை, தபால் திணைக்களம், தோட்ட நிர்வாகம் ஆகிய மூன்றும் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும்.