கூத்து இருந்தால் கடை! கடை இருந்தால் கூத்து!

பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் தெருக்கூத்து. நிறைவு நாளில் தீமிதி. இடையஞ்சாவடி முதல் மரக்காணம் உப்பளங்கள் வரையுள்ள வட்டாரத்தில் திரௌபதியம்மன் திருவிழா என்றால் இவைதான் விசேஷம்.

இந்தத் திருவிழாக்கள் பெரும்பாலும் கோடையில் நடைபெறுகின்றன. உப்பு விளையும் காலமும் அதுவே! ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் மூழ்கிக் கிடக்கும், வேலை இராது. வெயில் ஏறினால்தான் உப்பளத் தொழிலாளியின் கையில் கூலிக் காசு புரளும். அந்தக் காசை நம்பித்தான் வளையல்காரரும், பொரிகடலைக்காரரும், பலூன்காரரும், ராட்டினக்காரரும் ஊர் ஊராக வருகிறார்கள்.

விடிய விடிய வியாபாரம்

கல்யாண முருங்கை மரத்தில் செய்த கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்து வேஷக்காரர் களத்தில் சுழல்கிறார். கட்டியக்காரன் சிரிக்க வைக்கிறான். ஆனாலும் நள்ளிரவு தாண்டினால் கண் சொக்கும் அல்லவா? அப்போது ஒரு டம்ளர் டீயும் ஒரு பொட்டலம் வறுத்த கடலையும்தான் கூட்டத்தைக் கலையாமல் காக்கின்றன!

கலைஞருக்கு விருந்திடுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்துப் பரதவர் வீடுகளில் பாணருக்குச் சுட்ட மீன் கிடைக்கிறது. அந்த எயிற்பட்டினம் மரக்காணம் பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து.

கடல் கடந்தும் இதே கதை

அமெரிக்காவில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஆண்டுதோறும் ஜூலை 4-ஐ ஒட்டிச் சர்வதேச ஆப்பிரிக்கக் கலைவிழா நடைபெறுகிறது. 1971-ல் கறுப்பின மக்கள் தாங்களே நடத்திய பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்டத் தெருவில் ஆரம்பித்த விழா அது. ஒரு பக்கம் முரசும் நடனமும். மறுபக்கம் துணி, நகை, பலகாரக் கடைகள். சந்தையைப் பிரித்துவிட்டால் அந்த விழாவே இல்லை!

அடிக்காசு

நம் ஊர்த் திருவிழாவில் கடை விரிப்பவர் அடிக்காசு கட்ட வேண்டும். பல ஊர்களில் அதை வசூலிக்கும் உரிமை ஏலத்தில் போகிறது. ஏலம் ஏறினால் அடிக்காசும் ஏறும். வளையல் விற்றாலும் விற்காவிட்டாலும் அது கட்டியாக வேண்டிய காசு!

2014-ல் தெருவோர வியாபாரிகளுக்கென மத்திய சட்டம் வந்தது. அதன் விற்பனைக் குழுக்கள் நகரங்களுக்கே ஏற்பட்டவை. கிராமத்தில் ஓரிரவு கடை போடுபவருக்கு அங்கே இடமில்லை.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களில் அரசு அனுமதித்தாலும் 12 மணியே எல்லை. நோயாளிக்கும் மாணவருக்கும் தூக்கம் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் கூத்து பாதியில் நின்றால், கடைக்காரரின் இரவிலும் பாதி போய்விடுகிறது.

நேரத்தை மாற்ற விழாக் குழுவால் முடியாது. ஆனால், அடிக்காசு இவ்வளவுதான் என்று பலகையில் எழுதிக் கோயில் வாசலில் மாட்டலாமே! அதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.