மூக்கு வாயிலில் ஒரு காவல்

வன்னிப் பெருநிலப்பரப்பில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாரி வலுத்ததும், வயல் வேலைகளோடு தடிமனும் இருமலும் வீடுகளுக்குள் வந்துவிடுகின்றன. உடல்வலிமை மிக்க இளைஞருக்கு அது சில நாள் உபாதை. நெஞ்சுநோய் உள்ள முதியவருக்கோ அதுவே முற்றி, உட்கிராமத்திலிருந்து கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ வைத்தியசாலை தேடிச் செல்லும் நிலையை ஏற்படுத்திவிடலாம். இந்நோய்களை மூக்கில் விசிறும் திரவங்களால் தடுக்க இயலுமா என்பது ஆராயத்தக்கது.

மூச்சுவழி பரவும் வைரசுக்களுட் பல முதலில் தங்குமிடம் மூக்கின் உட்புறமே. அங்கு இயற்கை ஒரு காவலை அமைத்திருக்கின்றது. ஒட்டுந்தன்மையுள்ள சளிப்படலம் கிருமிகளைப் பிடித்துக்கொள்ள, கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள் அச்சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. இக்காவலைக் கடந்து உயிரணுக்களுள் நுழையும் வைரசே பெருகி நோயாகின்றது. உப்புநீர் விசிறல் மூக்கைக் கழுவி ஈரமாக வைத்திருக்கின்றது. கூழ்போன்ற சில மருந்துகள் வைரசைச் சிக்கவைத்து, அது உயிரணுவை அடையாது தடுக்க முயல்கின்றன.

பிரித்தானியாவில் ஏறத்தாழ 13,800 பேரைக் கொண்டு நடாத்தப்பெற்ற ஆய்வொன்றின் முடிவு 2024இல் வெளியாயிற்று. வழமையான பராமரிப்பை மட்டும் பெற்றோர் ஆறு மாதங்களிற் சராசரியாக 8.2 நாள்கள் நோயுற்றிருந்தனர். கூழ்மருந்தை விசிறியோருக்கு அது 6.5 நாள்களாகவும், வெறும் உப்புநீரை விசிறியோருக்கு 6.4 நாள்களாகவும் குறைந்தது. நோய்க்குறி தோன்றியவுடனும், நோயுற்றோரோடு பழகியபின்னும் அவர்கள் விசிறலைப் பயன்படுத்தினர். விலைமிக்க மருந்துக்கு எளிய உப்புநீர் சற்றும் பின்னிற்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஒவ்வாமைக்கு வழங்கப்படும் அசெலாஸ்ரின் என்னும் மருந்தும் ஆராயப்பட்டுள்ளது. செர்மனியில் 450 பேரிடம் நடந்து 2025இல் வெளியான ஆய்வில், அதனை நாள்தோறும் மூன்று முறை விசிறியோருள் 2.2 வீதத்தினரையே கொவிட் தொற்றியது. ஏனையோருள் அது 6.7 வீதமாயிற்று. எனினும் ஆய்வு சிறிதாகையால், வைத்தியரின் ஆலோசனையின்றி அதனைக் கைக்கொள்ளல் தகாது.

உப்புநீர் எளிதென்பதால், கிணற்றிலோ குளத்திலோ அள்ளிய நீரை அப்படியே மூக்கில் விடலாமா? ஒருபோதும் ஆகாது. குடிக்கும் நீரிலுள்ள கிருமிகள் பலவற்றை இரைப்பையின் அமிலம் அழித்துவிடும். மூக்கில் அத்தகைய அமிலம் இல்லை. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின்வழி மூளையை அடைந்தால் உயிர் பிழைத்தல் அரிது. அண்மைய ஆண்டுகளிற் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலாற் பலர் மாண்டனர். ஆகவே மருந்துக்கடையில் விற்கும் தூய உப்புநீரே உத்தமம். வீட்டிற் செய்வதாயின், நீரை நன்கு கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டு, ஒரு லீற்றருக்கு 9 கிராம் தூய உப்பைச் சேர்த்தல் வேண்டும். எஞ்சியதை மறுநாளுக்கு வைத்தலாகாது. ஒருவரின் போத்தலை இன்னொருவர் பயன்படுத்தலும் தவறு.

மூக்கடைப்பை உடனே நீக்கும் மருந்துகள் வேறு, நோய்த்தடுப்பு வேறு. அடைப்பு நீக்கும் விசிறல்களைப் பல நாள் தொடர்ந்தால் அடைப்பு முன்னிலும் மிகும்.

விசிறல் நோயின் நாள்களைச் சற்றுக் குறைக்கும் ஒரு துணையே. தடுப்பூசிக்கும், கைகழுவுதலுக்கும், நோயுற்ற பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டிலிருத்துவதற்கும் அது ஈடாகாது. மூச்சுத்திணறலோ விடாத காய்ச்சலோ காணப்படின், விசிறலை நம்பி வீட்டிற் காத்திராது உடனே வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். வாயிலிற் காவலன் நிற்கின்றான் என்பதற்காகக் கதவைத் திறந்துவைத்து உறங்குவார் எவருமிலர்.