எந்த நாளின் விமானம்?

வேப்பந்தட்டைப் பக்கம் பருத்தி புதிதில்லை. வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமே அங்கே இருக்கிறது. ஆனால் பருத்தித் துணியைப் போர்த்திக்கொண்டு ராணுவ விமானங்கள் பறந்தன என்று அங்கே ஒரு டீக்கடையில் சொன்னால், காதில் பூச் சுற்றுவதாகத்தான் நினைப்பார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால டகோட்டாவுக்கு உடலும் இறக்கையும் அலுமினியம். வாலில் இருக்கும் சுக்கானும், மூக்கை ஏற்றி இறக்கும் பட்டையும், இறக்கை ஓரத்தில் அசையும் பட்டையும் உலோகச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியவை. விமானி தன் கைபலத்தாலேயே கம்பி வழியாக இழுத்து அசைக்க வேண்டியவை என்பதால், எடை குறைவாக இருந்தாக வேண்டும்.

துணி என்றால் ஏதோ ஒரு துணி இல்லை. இன்ச்சுக்கு 80 இழைக்குக் குறையாமல் நெருக்கி நெய்த நீள இழைப் பருத்தி. அதைச் சட்டத்தில் இழுத்துத் தைத்து, ‘டோப்’ என்கிற செல்லுலோஸ் பூச்சைப் பலமுறை பூசுவார்கள். பூச்சு காயக் காயச் சுருங்கும், துணியையும் சேர்த்து இழுக்கும். விரலால் தட்டினால் டம்மென்று ஒலிக்க வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் இழையைத் தின்றுவிடாமல் இருக்க, மேலே அலுமினியப் பொடி கலந்த இன்னொரு பூச்சு. அப்படியும் வெயிலிலும் மழையிலும் நிற்கும் விமானத்தில் சில வருஷம்தான் தாங்கும். புதுத் துணிக்கு விதித்த வலிமையில் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் உரித்துவிட்டு மறுபடி போர்த்த வேண்டும் என்பது அமெரிக்க விதி.

இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர் துணிதான். இஸ்திரிப் பெட்டிச் சூட்டிலேயே சுருங்கி இறுகிவிடும், பருத்தியைவிடப் பல மடங்கு உழைக்கும். பழைய விமானங்களைப் புதுப்பிப்பவர்கள் ஓயாமல் சண்டை போடும் இடங்களில் இது ஒன்று: பாலியெஸ்டர் போட்ட டகோட்டா ‘ஒரிஜினல்’தானா? 1944-இல் ஆலையிலிருந்து வந்த விமானத்தில் 1955-லேயே ஆலைத் துணி இருந்திருக்காது என்பதை இந்தச் சண்டையில் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

நம் விமானப்படையிடமே அப்படி ஒரு டகோட்டா இருக்கிறது. 1944-இல் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்து, பிறகு தனியார் கைக்குப் போனது. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் அதை வாங்கி, பிரிட்டனில் புதுப்பித்து, விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். அவருடைய அப்பா ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகர் டகோட்டா ஓட்டியவர். 2018 ஏப்ரலில் அது பல நாடுகளில் இறங்கி ஏறி ஜாம்நகருக்குப் பறந்தே வந்தது. மே 4-ஆம் தேதி ஹிண்டன் தளத்தில் ‘பரசுராமா’ என்ற பெயரோடு படையில் சேர்ந்தது. வாலில் எழுதியிருக்கும் எண் VP 905. அது காஷ்மீர்ப் போரில், 1947 அக்டோபர் 27 அன்று, முதலாம் சீக்கியப் படைப்பிரிவினரை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டாவின் எண்.

அந்த விமானம் வேறு, இந்த விமானம் வேறு. ஸ்ரீநகர் மண்ணில் அன்று இதன் சக்கரம் படவில்லை. இது ஏமாற்றா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். பரிசளிக்கும்போதே இது நினைவாகச் சூட்டிய எண் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆனால் 20 வருஷம் கழித்துக் கண்காட்சியில் நிற்கும் ஒரு பையனுக்கு அது தெரியுமா என்பது பக்கத்தில் வைக்கும் பலகையைப் பொறுத்தது.

உலோகத்துக்கு வருவோம், வியப்பு அங்கேதான் அதிகம். 1906-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்பவர் செம்பும் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்தார். வார இறுதி கழிந்து வந்து அளந்தால், யாரும் தொடாமலேயே உலோகம் கடினமாகியிருந்தது. காரணம் பின்னால்தான் தெரிந்தது. சூட்டில் கரைந்து சிதறியிருந்த செம்பு அணுக்கள், அறை வெப்பநிலையிலேயே மெல்ல நகர்ந்து குட்டிக் குட்டிக் கும்பல்களாகக் கூடுகின்றன. உலோகத்தின் அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதை அந்தக் கும்பல்கள் மறிக்கின்றன. 1938-இல் கினியேவும் பிரெஸ்டனும் தனித்தனியாக எக்ஸ்ரே கொண்டு இதைக் கண்டார்கள்.

விமானப் பட்டறையில் இதற்கு ஒரு வேடிக்கையான விளைவு உண்டு: ரிவிட்டுகளை ஐஸ்பெட்டியில் வைப்பார்கள். சூடாக்கித் தோய்த்த ரிவிட் மென்மையாக இருக்கும்போதே அடித்துத் தட்டையாக்க வேண்டும். விட்டால் இறுகிவிடும், அப்புறம் அடித்தால் வெடிக்கும். குளிரில் அணுக்களின் நடமாட்டம் குறையும் என்பதால் உறைகுளிரில் போட்டுவைக்கிறார்கள். சில வகை ரிவிட்டுகளை வெளியே எடுத்தால் பத்து இருபது நிமிஷத்துக்குள் அடித்து முடித்தாக வேண்டும். போர்க்கால ஆலைகளில் கையாண்ட அதே முறைதான் இன்றைய புதுப்பிக்கும் பட்டறைகளிலும்.

பலம் தந்த அதே செம்புதான் அரிப்புக்கும் வாசல் திறந்துவிடுகிறது. உலோகத் துகள்களின் ஓரங்களில் அரிப்பு நுழைந்து, தகட்டை ஏடு ஏடாகப் பிரிக்கும். கண்ணுக்குத் தெரியாத களைப்பு விரிசல்கள் வேறு. ஆக, பறக்க வேண்டும் என்று முடிவெடுத்த கணமே பழைய உலோகத்தில் பெரும்பகுதிக்கு விடைகொடுத்தாயிற்று. பி9374 என்ற ஸ்பிட்ஃபயர் 1940-இல் பிரான்சின் கலே கடற்கரையில் இறங்கி மணலில் புதைந்தது. 1980-இல் வெளியே வந்தது, 2011-இல் மறுபடி பறந்தது, 2015-இல் 31 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. பறப்பதில் பெரும்பகுதி புதிதாகச் செய்தது.

பொருள் மாறிவிட்டாலே போலியா? நம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரத்தில் ஒரு துளி மரம் மிச்சமில்லை. 18 மீட்டர் நீளத் தண்டு முழுக்கக் கல்தான். 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கவனப்படுத்தியதிலிருந்து அதைப் போலி என்று யாரும் சொன்னதில்லை. இருந்த இடத்திலேயே, கொஞ்சம் கொஞ்சமாக, உருக்குலையாமல் நடந்த மாற்றம் அது. பறந்துகொண்டே துணியும் ரிவிட்டும் மாறிவந்த டகோட்டா இந்த வகை. பழைய விமானத்தின் எண் தகட்டை மட்டும் வைத்துச் சுற்றிலும் புதிதாக எழுப்பிய விமானத்தை இதோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை, எவ்வளவு அழகாகப் பறந்தாலும்.

உலோகத்தைவிடச் சிக்கலான கேள்வி, எந்த நாளுக்குத் திரும்புவது என்பது. இதற்கு நம் நாட்டு லிபரேட்டர்களைவிட நல்ல உதாரணம் கிடையாது. போர் முடிந்ததும் கான்பூரில் இந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் குவிந்து கிடந்தன. யாரும் மீண்டும் பயன்படுத்தாதபடி பிரிட்டிஷார் அவற்றைச் சிதைத்துவிட்டுப் போனார்கள். ஹிந்துஸ்தான் விமான ஆலைக்காரர்கள் ஒன்றின் பாகத்தை இன்னொன்றுக்குப் பொருத்தி, ஒப்பேற்றி, பெங்களூருக்குப் பறந்தே கொண்டுபோனார்கள். இப்படி உயிர் பெற்றவை சுமார் 40. 1948 முதல் 1968 வரை இந்திய வானில் உழைத்தன.

ஓய்வு பெற்றதும் வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் தேடி வந்தன. உலகில் மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்களில் பல கான்பூர் வழியாக வந்தவை. கனடா ஒரு லைசாண்டர் விமானத்தைக் கொடுத்து ஒன்றை மாற்றிக்கொண்டது. பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு 1974-இல் ஒன்று பறந்து போனது. அமெரிக்காவில் காலிங்ஸ் அறக்கட்டளை புதுப்பித்து 1989-இல் பறக்கவிட்ட விமானமும் இங்கிருந்து போனதுதான். அதற்கு அமெரிக்கப் படைப்பிரிவுகளின் வண்ணத்தை மாற்றி மாற்றிப் பூசினார்கள். கடைசியில் வைத்த பெயர் ‘விட்ச்கிராஃப்ட்’. புதிதாக இருந்தபோது பிரிட்டிஷாரிடமும், பிறகு இந்தியாவிடம் 20 வருஷமும் இருந்த விமானம், தான் ஒரு நாளும் சேராத படைப்பிரிவுகளின் வேஷத்தில் ஊர் ஊராகப் போயிற்று. பணம் போட்டவர்கள் அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்காகச் செய்தார்கள், அதில் குற்றம் காண முடியாது. இருந்தாலும் அந்த உடலில் இருந்த மிக நீண்ட வரலாறு பெங்களூர்ப் பட்டறைக்காரர்களுடையது. அதுதான் முதலில் வண்ணத்துக்கு அடியில் போனது.

வண்ணம் சும்மா இல்லை. ஒரு சதுர அங்குலத்தை மெல்லத் தேய்த்தால் அடுக்கடுக்காக வரும்: மேலே ஓய்வுக்கால வெள்ளி, அடியில் படைப்பிரிவின் நிறம், அதற்கும் அடியில் ஆலைப் பச்சை. மணல் பீச்சிச் சுத்தம் செய்தால் எல்லாம் ஒரே மதியத்தில் போய்விடும். 1942-இல் எகிப்துப் பாலைவனத்தில் விழுந்த ஒரு கிட்டிஹாக் 2012-இல் கிட்டத்தட்ட அப்படியே கிடைத்தது. பிறகு எல் அலமைன் அருங்காட்சியகத்தில் பளிச்சென்று புது வண்ணம் அடித்து நிறுத்தியதைப் பார்த்து விமான ஆர்வலர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன், 200 தடவைக்கு மேல் போருக்குப் போய் ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டைகளோடு திரும்பிய ‘ஃபிளாக் பெய்ட்’ விமானத்தை எதிர்வழியில் நடத்துகிறது. உரிந்த வண்ணத்தைக்கூட உரிந்தபடியே காப்பாற்றுகிறார்கள்.

டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் ஒரு வாபிட்டி நிற்கிறது. துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம். 1933 ஏப்ரல் 1 அன்று இந்திய விமானப்படையின் முதல் பிரிவு நான்கு வாபிட்டிகளோடு தொடங்கியது. உலகில் மிஞ்சியிருக்கும் வாபிட்டி பாலத்தில் இருப்பது ஒன்றுதான். அந்த வகையின் தையல் எவ்வளவு இடைவெளியில் விழுந்தது, எந்த மூட்டில் எந்த ஆணி என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் அங்கேதான் போயாக வேண்டும். அதைப் புதுப்பித்துப் பறக்கவிடலாமே என்று ஆசைப்படுபவர்களிடம் நான் வேண்டாம் என்பேன். ஆசை இருந்தால் அங்குலம் அங்குலமாக அளந்து, இன்னொன்று செய்துகொள்ளட்டும், புது எண் தகட்டோடு.