தோற்ற எதிரி, திருவிதாங்கூரின் தளபதி!

தக்கலை அருகே புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் போனால், லத்தீனிலும் தமிழிலும் எழுதப்பட்ட கல்லறை ஒன்றைப் பார்க்கலாம். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படையின் டி லனாய் உறங்குவது அங்கேதான்.

கைதியை ஏன் தளபதியாக்கினார் ராஜா?

1729-ல் அவர் பட்டத்துக்கு வந்தபோது, ஆள்பலம் உள்ளூர்ப் பிரபுக்களிடம்தான் இருந்தது. வீரர்கள் பிரபு சொல்வதைத்தான் கேட்பார்கள். அந்தப் பிரபுக்களோ ராஜாவுக்கே எதிரிகள்! தன்னிடம் நேரடியாகச் சம்பளம் வாங்கும் படை அவருக்குத் தேவைப்பட்டது. இங்கே சொந்தபந்தம் எதுவும் இல்லாத டி லனாய் அதற்குத் தோதான ஆளாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐரோப்பிய பாணியில் டிரில், கோட்டைக்குள்ளேயே பீரங்கி வார்ப்பு என்று படையையே மாற்றினார் அவர். மக்கள் வைத்த பெயர் 'வலிய கப்பித்தான்'. 1777-ல் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை.

இன்றும் மதராஸ் ரெஜிமென்ட்டின் 9-வது பட்டாலியனுக்குப் பெயர், 'திருவிதாங்கூர்'.