காது கேட்டதைக் கமரா உறுதிப்படுத்தட்டும்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின்களில் சிலிண்டர் தேய்வும் ஒயில் குறைபாடும்



எமது வாகனப் பராமரிப்பு நிகழ்ச்சிக்கு அண்மையில் ஓர் அம்மா தொலைபேசி எடுத்திருந்தார். மகன் வேலைக்குப் போய் ஐந்து வருடமாகச் சேர்த்த காசில் 2006ஆம் ஆண்டு போர்ஷே 911 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். விலை ஒரு புதிய சின்னக் காரின் விலைதான். எஞ்சினில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வருகிறது. விற்பவர் "அது வால்வுச் சத்தம், பயமில்லை" என்கிறார். கராஜ் ஒன்றில் கொம்பிரஷன் பார்த்தார்கள், ஆறு சிலிண்டரும் நல்லது என்றார்களாம். "தம்பி, இதை வாங்க விடலாமோ?" என்பதுதான் அம்மாவின் கேள்வி.

நிகழ்ச்சி நேரத்துக்குள் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அன்று சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஊரில் கண்ட அதே வருத்தம்

மூத்த நேயர்களுக்கு இது புதிய கதை அல்ல. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். சில துளி பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகி எரியாது. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவரில் இருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அடியில் இருக்கும் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் தண்ணியாகும். சிலிண்டர் தேயும். பின்னால் நீலப்புகை வரும்.

இந்த நவீனக் கார்களில் நடப்பதும் அடிப்படையில் இதே விஷயம்தான். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அந்தப் பழைய எஞ்சின்களின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. தேய்ந்தால் கடைந்து பெருப்பித்து, ஓவர்சைஸ் பிஸ்ரன் போட்டு மீண்டும் ஓடலாம். இந்தக் கார்களில் அது அவ்வளவு சுலபமில்லை.

சிலிண்டர்ச் சுவர் எதனால் ஆனது?

போர்ஷே நிறுவனம் 1996இல் பொக்ஸ்ரரையும் 1997இல் தண்ணீரால் குளிரூட்டப்படும் முதலாவது 911ஐயும் வெளியிட்டது. அவற்றில் இருந்தது எம்96 என்ற எஞ்சின். 2004இல் வந்த அடுத்த 911இலும் அதன் பின் வந்த கேமனிலும் அதன் உடன்பிறப்பான எம்97 இடம்பிடித்தது. எல்லாமே ஆறு சிலிண்டரும் மும்மூன்றாக இரு பக்கமும் படுத்திருக்கும் எஞ்சின்கள்.

இவற்றின் சிலிண்டர்ச் சுவரில் இரும்பு கிடையாது. சிலிக்கன் துகள்கள் நிறைந்த ஓர் உருளையை அச்சுக்குள் வைத்து, உருகிய அலுமினியத்தை அழுத்தி ஊடுருவச் செய்து வார்க்கிறார்கள். இந்த முறைக்கு லொக்காசில் என்று பெயர். மேற்பரப்பில் நிற்கும் கடினமான சிலிக்கன் மணிகள்தான் பிஸ்ரனைத் தாங்குகின்றன. மணிகளுக்கு இடையில் உள்ள பள்ளங்களில் ஒயில் தங்கி நிற்கிறது. அலுமினியப் பிஸ்ரன் அலுமினியச் சுவரில் உரசிப் பிடிக்காமல் இருக்க, பிஸ்ரனின் கீழ்ப்பகுதிக்கு இரும்புப் பூச்சுப் பூசியிருக்கிறார்கள்.

ஒயில் படலம் கிழிந்தால் அந்தப் பூச்சு உரியத் தொடங்கும். சிலிக்கன் மணிகள் கழன்று அரத்தூள் போலச் சுவரைக் கீறும். கடைசியில் அலுமினியமும் அலுமினியமும் நேருக்கு நேர் உரசும். இப்படி விழும் நெடுங்கோடுகளைத்தான் மெக்கானிக்மார் 'போர் ஸ்கோரிங்' என்கிறார்கள். சிலிக்கன் அடுக்கு மெல்லியது என்பதால் சும்மா கடைந்து பெருப்பிக்க முடியாது. எஞ்சினை முழுதாகக் கழற்றி, சிலிண்டரில் புதிய உருளைகளை இறக்க வேண்டும். அந்தச் செலவு சில வேளைகளில் காரின் விலையையே எட்டிப் பிடிக்கும். அந்த மகனின் ஐந்து வருடச் சேமிப்பு இதில்தான் தொங்குகிறது.

எல்லா எஞ்சினுக்கும் ஆபத்து ஒரே அளவல்ல. 85.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள 2.5, 2.7 லீற்றர் பொக்ஸ்ரர்களில் இது அரிது. 96 மில்லிமீற்றர் விட்டமுள்ள 3.6 லீற்றரிலும், 99 மில்லிமீற்றர் விட்டமுள்ள 3.8 லீற்றரிலும் கூடுதலாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் 4, 5, 6ஆம் சிலிண்டர்கள் உள்ள பக்கமே முதலில் பாதிக்கப்படும். அதே காலத்து ரேபோ, ஜிரி3 மாதிரிகளில் வேறு எஞ்சின் இருந்தது. ஹான்ஸ் மெட்ஸ்கர் என்ற பொறியியலாளரின் பெயரால் அழைக்கப்படும் அந்த எஞ்சினின் சிலிண்டர்களுக்கு நிக்காசில் பூச்சு உண்டு. இந்த வருத்தம் அதற்கு வருவதில்லை. 2008, 2009இல் வந்த புதிய எஞ்சின்களிலும் சிலிண்டரின் வார்ப்பு முறை மாறிவிட்டது.

அறிகுறிகளைப் படிக்கும் முறை

முதலாவது புகை. படுத்த எஞ்சின் என்பதால், சரிவில் நிறுத்தி வைத்தால் கொஞ்சம் ஒயில் சிலிண்டருக்குள் கசிந்துவிடும். காலையில் ஸ்ராட் பண்ணும்போது ஒருமுறை 'புஸ்' என்று புகை வந்து நின்றால் பயப்பட வேண்டாம். ஓடும்போது விடாமல் நீலப்புகை வந்தால் கவனியுங்கள். புகைக்குழாய் வாய்களை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் காய்ந்த சாம்பல் நிறமாகவும் மறுபக்கம் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாகவும் இருந்தால் ஒரு பக்கச் சிலிண்டர்கள் ஒயில் குடிக்கின்றன என்று சந்தேகிக்கலாம்.

இரண்டாவது சத்தம். குளிரில் ஸ்ராட் பண்ணியதும் கேட்டு, சில நிமிடத்தில் அடங்கும் சத்தம் வால்வைத் தள்ளும் லிப்ரர்களின் சத்தமாக இருக்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும், சும்மா நிற்கும்போது ஒரு பக்கத்திலிருந்து தாளம் தவறாமல் தட்டும் சத்தம் வேறு. சூட்டில் ஒயில் இளகப் பிஸ்ரன் ஆடுவது வெளியே கேட்கிறது. ஆகவே குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் பண்ணுவதையும் பாருங்கள், அரை மணித்தியாலம் ஓட்டி வந்தும் கேளுங்கள். நீங்கள் போகும்போதே விற்பவர் காரைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது ஒயில் கணக்கு. ஒரு சின்னக் கொப்பியில், எந்தக் கிலோமீற்றரில் எவ்வளவு ஒயில் விட்டோம் என்று எழுதி வையுங்கள். எந்த எஞ்சினும் கொஞ்சம் ஒயில் குடிக்கும். ஆனால் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றரை நெருங்கினால், அல்லது மாதாமாதம் அளவு கூடிக்கொண்டே போனால் ஏதோ நடக்கிறது.

நான்காவது ஸ்பார்க் பிளக். ஆறையும் கழற்றி, எந்தச் சிலிண்டருடையது என்று எழுதி வரிசையாக வையுங்கள். ஒரு பக்கத்து மூன்றில் ஒன்றோ இரண்டோ ஒயில் பிடித்திருந்தால் அது நல்ல சாட்சி.

கொம்பிரஷன் நல்லது என்றால் போதுமா?

போதாது. இங்குதான் அந்த அம்மாவின் மகன் ஏமாறக்கூடும். கொம்பிரஷன் ரெஸ்ற் பார்ப்பது பிஸ்ரன் ரிங்குகளும் வால்வுகளும் காற்றை அடைக்கின்றனவா என்பதை. இந்தக் கீறல் பெரும்பாலும் பிஸ்ரனின் கீழ்ப்பகுதி உரசும் இடத்தில், சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுகிறது. ரிங்குகள் ஒயிலின் உதவியோடு இன்னும் அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் மோசமாகக் கீறுப்பட்ட சிலிண்டரும் நல்ல இலக்கத்தைக் காட்டலாம்.

காற்றை ஏற்றிக் கசிவு பார்க்கும் லீக்டவுன் ரெஸ்ற் கொஞ்சம் மேல். ஒயில் விடும் வாயில் 'உஸ்' சத்தம் கேட்டால் ரிங் பக்கம், புகைக்குழாயில் கேட்டால் வெளியேற்றும் வால்வு, காற்று உள்வரும் பக்கம் கேட்டால் உள்வால்வு என்று பிரித்தறியலாம். இதுவும் கீறலைத் தவறவிடக்கூடும். ஊரில் நாங்கள் செய்ததுபோல ஒரு கரண்டி ஒயில் விட்டு மீண்டும் கொம்பிரஷன் பார்ப்பதும் இங்கு சரிவராது. சிலிண்டர் படுத்திருப்பதால் ஒயில் ஒரு பக்கத்திலேயே தேங்கி நிற்கும்.

உறுதியான பதில் கமராவில்தான் உண்டு. பிளக் துவாரத்தால் மெல்லிய கமராவை விட்டுச் சுவரைப் பார்க்கலாம். அதிலும் மேற்பகுதிதான் நன்றாகத் தெரியும். சரியான முறை, ஒயிலை இறக்கி, அடியில் உள்ள சம்பைக் கழற்றி, பிஸ்ரனை உச்சிக்குக் கொண்டுவந்து, கீழ்ப்பக்கத்தால் பார்ப்பது. ஆறு சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். படங்களைக் கேட்டு வாங்குங்கள். இதற்கு ஆகும் செலவு எஞ்சின் செலவோடு பார்க்கச் சிறுதொகை.

சம்ப் கழற்றும்போதே பழைய ஒயில் பில்ரரை வெட்டி விரித்துப் பாருங்கள். மினுங்கும் துகள்கள் மேல் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டாதது அலுமினியமாக இருக்கலாம். ஒட்டுவது பிஸ்ரனின் இரும்புப் பூச்சாகவோ வேறு இரும்புப் பாகமாகவோ இருக்கலாம். ஒரு சிறு போத்தல் ஒயிலைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் இரும்பு, அலுமினியம், சிலிக்கன் எவ்வளவு, பெற்றோல் கலந்திருக்கிறதா என்று எழுதித் தருவார்கள்.

எல்லாப் புகையும் சிலிண்டரால் வருவதில்லை

மறுபக்கமும் உண்டு. எஞ்சினுக்குள் எழும் ஆவியிலிருந்து ஒயிலைப் பிரிக்கும் ஒரு பாகம் இருக்கிறது. அதன் உள்ளே உள்ள மெல்லிய ரப்பர்த் தகடு கிழிந்தால் ஒயில் நேரே காற்றுக்குழாய்க்குள் இழுக்கப்பட்டு, தெருவே மறைகிற அளவு புகை வரும். எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். திறக்கவே முடியாதபடி உள்ளே இழுத்துப் பிடித்தால் இதுதான் காரணமாக இருக்கும். இந்தப் பாகத்தை மாற்றினால் சரி. இதைப் பார்க்காமல் எஞ்சினைக் கழற்றச் சொல்லும் கராஜை விட்டு விலகுங்கள்.

ஒயில் போகாத இடங்கள்

இந்த எஞ்சின்களில் ஒயில் எட்டு லீற்றர் அளவில் பிடிக்கும். அது எஞ்சினின் அடியிலேயே தங்குகிறது. மெட்ஸ்கர் எஞ்சினுக்கு இருப்பதுபோல வெளியே தனித் தாங்கி கிடையாது. ஓட்டப்பாதையில் நீண்ட வளைவை வேகமாக எடுக்கும்போது ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும் நிலை வரலாம். அப்போது முதலில் அடிபடுவது பெயரிங்குகள். அதனால் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டினீர்களா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

ஒயில் அமுக்கமானியையும் பாருங்கள். சூடான எஞ்சினில் ஒவ்வொரு ஆயிரம் சுற்றுக்கும் ஏறக்குறைய 0.7 பார் இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்மாரின் பொதுக்கணக்கு. 2004க்குப் பின் வந்த 911இல் ஒயில் அளவு பார்க்கும் கம்பி கிடையாது, திரையில்தான் பார்க்க வேண்டும். சம தரையில் நிறுத்திப் பார்ப்பதே சரி.

வாங்கிய பின் காப்பது எப்படி?

நாங்கள் வாழும் குளிர் நாடுகள் இந்த எஞ்சினுக்குச் சோதனைக்களம். குளிரில் பெற்றோல் கூடுதலாக விடப்படுகிறது. எரியாத பெற்றோல் சுவரைக் கழுவுகிறது. ஊரில் மண்ணெண்ணெய் செய்த வேலையை இங்கே இது செய்கிறது. ஒழுகும் இன்ஜெக்ரர் இருந்தால் இன்னும் மோசம்.

ஆகவே ஸ்ராட் பண்ணி நெடுநேரம் சும்மா நிற்க விடாதீர்கள். மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள். தண்ணீர் 80 பாகையைத் தொட்டாலும் ஒயில் சூடேற மேலும் பத்து நிமிடமாவது வேண்டும். அதுவரை மூவாயிரம் சுற்றைத் தாண்ட வேண்டாம். பக்கத்துக் கடைக்குப் போக இந்தக் காரை எடுக்காதீர்கள். போர்ஷேயின் ஏ40 அங்கீகாரம் உள்ள ஒயிலைப் பாவியுங்கள். 0டபிள்யூ-40 என்பதில் முதல் இலக்கம் குளிரில் ஓடும் தன்மையையும், 40 சூட்டில் உள்ள தடிப்பையும் குறிக்கும். கையேட்டில் உள்ள நீண்ட இடைவெளியை நம்பாமல், 8,000 கிலோமீற்றருக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள் இந்த எஞ்சினோடு பழகிய மெக்கானிக்மார்.

இனி அந்த அம்மாவுக்குப் பதில். மகனின் ஆசையைத் தடுக்க வேண்டாம் அம்மா. கொம்பிரஷன் இலக்கத்தை மட்டும் நம்பிக் கையெழுத்து வைக்கவும் வேண்டாம். சம்பைக் கழற்றிக் கமராவால் பார்க்க விற்பவர் சம்மதித்தால், படங்களைப் பார்த்து முடிவெடுங்கள். சம்மதிக்காவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு வேறு காரைப் பாருங்கள். சந்தையில் வேறு கார் வரும். பிள்ளை சேர்த்த ஐந்து வருடம் திரும்ப வராது.

அடுத்த மாதம் குளிர்காலத்தில் பற்றரியைப் பராமரிப்பது பற்றிப் பேசுவோம். வணக்கம்.