பாத்திரக்காரரிடம் போடுவதற்கு முன்...

பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் தெருவில் குரல் கொடுத்தால் போதும், நாம் அலமாரியைக் காலி செய்துவிடுகிறோம். நாலு நூல் புடவை போட்டால் ஒரு பிளாஸ்டிக் கூடை கிடைக்கும். அதே புடவையில் வருஷக்கணக்கில் உழைக்கிற போர்வை தைக்கலாம் சகோதரிகளே! வங்காளத்துப் பெண்கள் தைக்கும் காந்தா போர்வையும் இப்படிப் பழைய புடவையில் பிறந்ததுதான்.

முதலில் துணி. நூல் புடவை மட்டும் எடுங்கள். நைலக்ஸ் வியர்வையை உறிஞ்சாது. சந்தேகம் இருந்தால் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். நூல் என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். மற்றது உருகி, மணி போல உருண்டு நிற்கும். அடுத்து சாயம். ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் சாயம் ஒட்டினால் அந்தப் புடவை வேண்டாம். உப்புத் தண்ணீரை மட்டும் நம்பிவிடக் கூடாது.

ஐந்தரை மீட்டர் புடவை 18 அடி. மூன்றாக வெட்டினால் 6 அடி நீளத்தில் மூன்று துண்டு. இரண்டு புடவைக்கு ஆறு துண்டு. அதில் நாலு துண்டுதான் போர்வைக்கு. அதற்கு மேல் அடுக்கினால் ஊசி இறங்காது. நல்ல துண்டு இரண்டும் மேலும் கீழும், நைந்தது உள்ளே. மீதி இரண்டு துண்டின் கரைகளை வெட்டினால் 24 அடி கிடைக்கும். சுற்றிலும் ஓரம் அடிக்க 20 அடி போதும். ஜரிகைக் கரை மட்டும் வேண்டாம், உடம்பில் உறுத்தும்.

என் மாமியார் காலமானபோது பட்டுப் புடவைகளை நாத்தனார்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவர் தினம் கட்டின சின்னாளப்பட்டிச் சுங்குடிகள் கேட்பாரில்லாமல் டிரங்குப் பெட்டியில் கிடந்தன. அதில் இரண்டை எடுத்து, மத்தியானம் ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்ததில் ஒன்றரை மாதத்தில் போர்வை முடிந்தது. மாமனார் ஒன்றுமே சொல்லவில்லை. ஆனால் சித்திரை வெயிலிலும் அதை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார். துவைத்துப் போட்டால், "காய்ஞ்சிடுச்சாம்மா?" என்று நாலு தடவை கேட்கிறார். இப்போது சின்ன நாத்தனாரும், "எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்க அண்ணி" என்கிறாள்.

இனி தைக்கும் முறை. நாலு துண்டையும் இஸ்திரி போட்டு, சுருக்கமில்லாமல் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரியுங்கள். நடுவிலிருந்து ஓரம் பார்த்து, ஒரு சாணுக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும். காய்ந்து மெலிந்த சோப்புத் துண்டால் ஓர் அங்குலத்துக்கு ஒரு கோடு போடுங்கள். துவைத்தால் போய்விடும்.

கோட்டின் மேலே சின்னச் சின்ன ஓட்டுத் தையல். இதையும் நடுக்கோட்டில்தான் தொடங்க வேண்டும். ஊசி மெல்லியதாக, குட்டையாக இருக்கட்டும். நூல் ஒரு முழம் போதும், நீளமாகக் கோத்தால் சிக்கும். முடிச்சை அடுக்குக்குள்ளே இழுத்து மறைத்துவிடுங்கள். நடுவிரலுக்கு இரும்புத் தொப்பி போட்டுக்கொண்டால் குத்தாது. மெஷினில் தைப்பவர்கள் 16ம் நம்பர் ஊசி போட்டு, தையலைப் பெரிதாக வையுங்கள். கடைசியில் கரைத் துணியை ஓரத்தில் மடித்து அடித்தால் போர்வை தயார்.

துணி வெட்டும் கத்தரியைப் பிள்ளைகள் காகிதம் வெட்ட எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், முனை மழுங்கிவிடும். ஈரத்தில் போர்வை நல்ல கனமாக இருக்கும். முறுக்கிப் பிழியாமல் இரண்டு கொடியில் சேர்த்து விரித்து, நிழலில் காயவிடுங்கள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்