டிகிரீசர்: பலமானதா, பொருத்தமானதா?

ஹார்ட்வேர் கடைக்குப் போய், "டிகிரீசர் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் அலமாரிப் பக்கம் கையைக் காட்டிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார். அங்கே ஆரஞ்சு வாசனையில் ஒன்று, ஊதா நிறத்தில் ஒன்று, பீய்ச்சி அடிக்கும் தகரக் குப்பியில் ஒன்று, ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் ஒன்று என்று வரிசையாக நிற்கும். எல்லாமே எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுவதாகத்தான் சொல்லும். நம்மில் பலர் என்ன செய்கிறோம்? "இதுல எது ரொம்ப ஸ்ட்ராங்?" என்று கேட்டு, அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

காலை நேரத்தில் வானொலியில் பேசுவது என் வேலை. தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் முன்னால் கார் பராமரிப்பு பற்றிப் பேச்செடுத்தால் போதும், நேயர்களின் குரல் பதிவுகள் வாட்ஸ்அப்பில் குவிந்துவிடும். 'டயரைக் கழுவக் கழுவப் பழுப்பாகவே இருக்கிறதே?', 'இன்ஜினில் தண்ணீர் அடிக்கலாமா?', 'கழுவிய பிறகு அலுமினியத்தில் வெள்ளைத் திட்டு விழுந்திருக்கிறதே, ஏன்?' கேள்விகள் பலவிதம். ஆனால் விசாரித்தால் பாதிக் கதைகள் ஒரே இடத்தில் போய் நிற்கும்: வேலைக்குப் பொருந்தாத திரவம்.

எனவே, கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'எது பலமானது?' என்பதல்ல. 'நான் எதைக் கழுவப் போகிறேன்?' என்பதுதான்.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன?

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. அதனால்தான் வெறும் தண்ணீரை எவ்வளவு அடித்தாலும் கிரீஸ் அப்படியே இருக்கிறது. டிகிரீசர்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்கும் வழியை வைத்து அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தண்ணீர் கலந்து பயன்படுத்தும் காரத் திரவம். இதில் சோப்பு போன்ற பொருள் இருக்கும். அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றும்போது எண்ணெயும் சேர்ந்து ஓடிவிடும். காரம் இந்த வேலையை வேகப்படுத்துகிறது. கார் கழுவும் கடைகளில் 'ஆல் பர்ப்பஸ் கிளீனர்' என்று சொல்வதும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

இரண்டாவது, கரைப்பான் வகை. பெட்ரோலிய எண்ணெயிலிருந்து எடுத்த பொருள்கள் கிரீஸை நேரடியாகக் கரைக்கும். பல ஆண்டுகளாகப் படிந்து தார்போல் இறுகிய பிசுக்கை எடுக்க இது கெட்டிக்காரத்தனமானது. ஆனால் இதில் பல எளிதில் தீப்பற்றும். ரப்பருக்கும் சிலவகை பிளாஸ்டிக்குக்கும் ஆகாது.

மூன்றாவது, ஆரஞ்சுத் தோலிலிருந்து கிடைக்கும் லிமோனின் என்ற எண்ணெயைக் கொண்டு செய்வது. வாசனை நன்றாக இருப்பதால் இது பழச்சாறுபோல் சாது என்று பலர் நினைக்கிறார்கள். லிமோனினும் ஒரு கரைப்பான்தான். அதுவும் தீப்பற்றும், சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்தும். சில பாட்டில்களில் ஆரஞ்சின் வாசனை மட்டும்தான் இருக்கும். உள்ளே இருப்பது வேறு சரக்கு. மூக்கை நம்பாமல் லேபிளை நம்புங்கள்.

டயர் ஏன் பழுப்பாகிறது?

டயர் பழுப்பாவதற்கு அழுக்கு மட்டும் காரணமல்ல. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும். அதைத் தடுக்க டயர் தயாரிப்பாளர்கள் ரப்பருக்குள்ளேயே ஒரு பாதுகாப்புப் பொருளைக் கலக்கிறார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்கு வந்து, ஓசோனோடு தானே சேர்ந்து பழுப்பாகிறது. அதாவது, அந்தப் பழுப்பு நிறம் டயருக்கு வந்த நோயல்ல, டயர் தன்னைக் காத்துக்கொண்டதன் அடையாளம். அதன்மேல் சாலைத் தூசும் போன முறை பூசிய டயர் பளபளப்பியும் சேர்ந்து ஒரு படலமாகிவிடுகின்றன.

இந்தப் படலத்தை எடுக்க, தண்ணீர் கலந்த மிதமான காரத் திரவமும் கெட்டியான தூரிகையும் போதும். தெளித்து, அரை நிமிடம் விட்டு, வட்டமாகத் தேயுங்கள். முதலில் வரும் நுரை தேநீர் நிறத்தில் இருக்கும். கழுவிவிட்டு மறுபடி தேயுங்கள். நுரை வெள்ளையாக வந்ததும் நிறுத்திவிடலாம்.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவற்றால் டயரைத் துடைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அப்போதைக்குக் கறுப்பாகத் தெரியும். ஆனால் அவை ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும், உள்ளிருக்கும் பாதுகாப்புப் பொருளையும் இழுத்துக்கொண்டு போகும். குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம். அந்த நேரத்தில் சாலைக்கும் நமக்கும் நடுவே இருப்பது இந்த நான்கு ரப்பர் வளையங்கள்தான்.

பானெட்டுக்குள் வேறு உலகம்

டயர் ஒரே ரப்பர். பானெட்டைத் திறந்தால் அலுமினியம், இரும்பு, பிளாஸ்டிக், ரப்பர் குழாய், வயர் எல்லாம் ஓரடி தூரத்துக்குள் இருக்கும். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சாகலாம்.

இதில் முக்கியமாகப் பாவம் அலுமினியம். இன்றைய கார்களில் இன்ஜினின் பெரும்பகுதி, ரேடியேட்டர், ஆல்டர்னேட்டரின் உறை ஆகியவை அலுமினியத்தால் ஆனவை. காஸ்டிக் சோடா கலந்த கடுமையான டிகிரீசர் பட்டால் அலுமினியம் அதோடு வினைபுரிந்து அரிக்கப்படும். நேயர்கள் கேட்கும் அந்த வெள்ளைத் திட்டு அதுதான். அது கறையல்ல, உலோகத்தின் தோலே உரிந்துபோன தடம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அலாய் ரிம்முக்கும் இதே கதிதான். சமையலறை அடுப்புப் பிசுக்குக்கென்று விற்கும் கடுமையான திரவங்கள் சிலவற்றிலும் காஸ்டிக் சோடா உண்டு. அவற்றைக் காருக்குக் கொண்டுவராதீர்கள்.

ஈப்போவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் தாய்மாமா இன்ஜின் கழுவுவதைப் பற்றி ஒன்று சொல்வார். "பாப்பா, காடி கண்ணாடி மாதிரி மின்னணும்னு கழுவாத. எண்ணெய் எங்கேருந்து ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கக் கழுவு." யோசித்தால் அதுதான் சரி. பிசுக்கும் தூசும் மூடிக்கிடக்கும் இன்ஜினில் புதிய கசிவு கண்ணுக்குத் தெரியாது. சூடான எக்ஸாஸ்ட் குழாயில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. கழுவிய இரண்டு வாரத்தில் அதே இடம் மறுபடி ஈரமாகிறதா? இன்னொரு பாட்டில் டிகிரீசர் வாங்கவேண்டாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

லேபிளில் நான்கு விஷயங்கள்

ஒன்று, பிஎச் அளவு. 7 என்றால் நடுநிலை. அதற்கு மேலே போகப்போகக் காரம். 13, 14 என்று இருந்தால் வீட்டுக் காருக்கு அது தேவையில்லை. லேபிளில் எண் இல்லையென்றால், தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தகவல் தாளில் தேடுங்கள்.

இரண்டு, உள்ளே இருக்கும் பொருள். 'சோடியம் ஹைட்ராக்சைடு' என்பதுதான் காஸ்டிக் சோடாவின் இன்னொரு பெயர்.

மூன்று, எவற்றின்மேல் பயன்படுத்தலாம் என்ற குறிப்பு. அலுமினியம், ரப்பர், பிளாஸ்டிக் மூன்றுக்கும் பாதுகாப்பானது என்று இருந்தால் பானெட்டுக்குள் கொண்டுபோகலாம்.

நான்கு, சிவப்புக் கோடிட்ட சாய்சதுரப் படங்கள். கையிலும் உலோகத்திலும் திரவம் சொட்டுவதுபோன்ற படம் இருந்தால் அரிக்கும் தன்மையுடையது. தீச்சுடர் இருந்தால் தீப்பற்றக்கூடியது. நம் நாட்டில் வேலையிடங்களுக்கான அபாய ரசாயனங்களில் இத்தகைய படங்களும் மலாய், ஆங்கில எச்சரிக்கைகளும் இருக்கவேண்டும் என்று 2013ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. 'பஹாயா' என்ற சொல் 'அமாரான்' என்பதைவிடக் கடுமையான எச்சரிக்கை. லேபிளே இல்லாமல், மறுசுழற்சி பாட்டிலில் ஊற்றி விற்பதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஒரே கேன், இரண்டு வேலை

தண்ணீர் கலக்கும் காரத் திரவத்தில் ஒரு வசதி உண்டு. எவ்வளவு தண்ணீர் கலக்கிறோம் என்பதை வைத்து அதன் பலத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். பொதுவாக டயருக்கு ஒரு பங்கு திரவம், நான்கு பங்கு தண்ணீர். பானெட்டுக்குள் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு. ஒரு லிட்டர் தெளிப்பான் பாட்டிலில் முதல் கலவைக்கு 200 மில்லிலிட்டர் திரவம் வேண்டும், இரண்டாவதற்கு சுமார் 90 மில்லிலிட்டர் போதும். உங்கள் லேபிளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதலில் தண்ணீரை ஊற்றி, பிறகு திரவத்தைச் சேர்த்தால் நுரை பொங்காது.

பணக் கணக்கும் பார்க்கலாம். ஓர் உதாரணத்துக்கு, ஐந்து லிட்டர் கேன் 60 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்குப் பத்து கலந்தால் 55 லிட்டர் கிடைக்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 1 ரிங்கிட் 10 சென். அதே வேளையில் 500 மில்லிலிட்டர் தயார்நிலை பாட்டில் 18 ரிங்கிட் என்றால், லிட்டருக்கு 36 ரிங்கிட். ஆனால் கொண்டோவில் ஒரே ஒரு கார் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் கழுவுகிறவருக்கு ஐந்து லிட்டர் எதற்கு? அவருக்குச் சின்ன பாட்டிலே லாபம். அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே தாமானில் இருந்தால் கேன் வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் பங்கிடும்போது எதில் ஊற்றுகிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

கழுவும்போது

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூடான உலோகத்தில் திரவம் காய்ந்து திட்டாகும், கரைப்பான் வகையென்றால் தீயும் பிடிக்கலாம். பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காற்று உள்ளே போகும் வாய் ஆகியவற்றை பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். திரவத்தைத் தெளித்து, தூரிகையால் தேய்த்து, காயும் முன்பே மெல்லிய நீரால் கழுவுங்கள் அல்லது ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அழுத்தக் குழாயை பானெட்டுக்குள் நீட்டவே வேண்டாம். வயர் இணைப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தால் செலவு நூற்றுக்கணக்கில் போகும். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அந்தக் காரை வைத்திருப்பவர்கள் கையேட்டைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

டயர் கழுவும்போது பிரேக் தட்டில் திரவம் பட்டால் தண்ணீரால் நன்றாக அலசிவிட்டு, காரை மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். அதன் பிறகு சாலைக்குப் போகலாம்.

கையும் கால்வாயும்

என் மாமாவின் விரல் நுனிகள் வறண்டு, வெடித்துக் கிடக்கும். இளம் வயதில் டீசலிலும் தின்னரிலும் கை கழுவிய ஆண்டுகளின் கணக்கு அது. எண்ணெயை எடுக்கும் திரவம் இன்ஜின் எண்ணெய், உடம்பின் எண்ணெய் என்று பேதம் பார்ப்பதில்லை. நைட்ரைல் கையுறை, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். அமோனியாவோ அமிலமோ கலந்த திரவங்களை குளோராக்ஸ் போன்ற பிளீச்சோடு சேர்த்தால் நச்சு வாயு வரும். எனவே எதையும் எதனோடும் கலக்காதீர்கள்.

வீட்டுக்கு முன்னால் ஓடும் லொங்காங்கில் விழுவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. மழைநீரோடு சேர்ந்து ஆற்றுக்குப் போகிறது. கெட்டியான பிசுக்கை முதலில் பழந்துணியால் துடைத்தெடுத்துவிட்டால், டிகிரீசரும் குறைவாகச் செலவாகும், ஆற்றுக்குப் போகும் எண்ணெயும் குறையும். 'மக்கும்' என்று போட்டிருக்கும் பாட்டிலும் கால்வாயில் கொட்டுவதற்கான அனுமதிச்சீட்டு அல்ல. திரவம் மக்கலாம், அது கழுவியெடுத்த இன்ஜின் எண்ணெய் எளிதில் மக்காது.

இப்போது, பங்கிடும் விஷயம். ஒரு நாள் காலை நிகழ்ச்சிக்கு அழைத்த ஒரு தாய் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. அவர் கணவர் மீதமிருந்த டிகிரீசரை மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி, காலணி அடுக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். விளையாடிவிட்டு வந்த நான்கு வயது மகன் மூடியைத் திறந்துவிட்டான். பாட்டி பார்த்துத் தட்டிவிட்டதால் தப்பித்தான். "மஞ்சளா இருந்துச்சுங்க, பிள்ளை ஜூஸுன்னு நெனச்சிட்டான்" என்றார் அவர். கடுமையான காரம் தொண்டையையும் உணவுக்குழாயையும் சுட்டுவிடும். அப்படி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. வெளியே வரும்போதும் அது மறுபடி சுடும். உடனே 999ஐ அழையுங்கள், பாட்டிலையும் கையோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் எண்ணையும் இன்றே கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.

பெரும்பாலான குடும்பக் கார்களுக்கு ஒரே பதில் போதும்: தண்ணீர் கலக்கும், காஸ்டிக் சோடா இல்லாத, அலுமினியத்துக்கும் ரப்பருக்கும் பாதுகாப்பான மிதமான டிகிரீசர் ஒன்று. அதோடு நல்ல தூரிகை இரண்டு, ஒன்று டயருக்கு, ஒன்று பானெட்டுக்கு. முதலில் குறைந்த பலத்தில் கலந்து, யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் தெளித்துப் பாருங்கள். போகவில்லையென்றால் கொஞ்சம் கூட்டுங்கள். மீதியை அதன் சொந்த பாட்டிலிலேயே மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இப்போதே எழுந்துபோய் வீட்டுக்குப் பின்னால் ஒருமுறை பாருங்கள், ஏதாவது தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் அல்லாத ஒன்று இருக்கிறதா என்று.